துணியோடு ஒரு குளியல்

என் தாய்மாமாவுக்குச் சிங்கப்பூர் ஜாலான் புசாரில் இரும்புச் சாமான் கடை. எந்த ஓட்டையைக் காட்டினாலும் அதற்குப் பொருந்துகிற திருகாணியை ஏதாவதொரு டப்பாவிலிருந்து எடுத்து நீட்டிவிடுவார். சாஸ்திர விஷயத்திலும் அப்படித்தான். எங்கள் சொந்தத்தில் யார் புது வீட்டுக்குப் போனாலும் முதல் ஃபோன் மாமாவுக்குத்தான் போகும். பசுமாடு லிஃப்டில் ஏறாதா? கையடக்க வெள்ளிப் பசு போதும். ஹோமப் புகைக்குப் பக்கத்து வீட்டார் புகார் கொடுப்பார்களா? கேக் தட்டில் கற்பூரம் ஏற்று. பித்தளைப் பானை இண்டக்‌ஷன் அடுப்பில் சூடாகவில்லையா? மேசையில் வைத்து சூப் கொதிக்கவிடும் ஸ்டீம்போட் கேஸ் அடுப்பை எடுத்து வை, அதுவும் அக்னிதான். "வழி இருக்கும்மா, சாஸ்திரத்துல எல்லாத்துக்கும் வழி இருக்கு" என்பார்.

அப்படிப்பட்டவர் என் தம்பிக்கு மட்டும் வழி இல்லை என்றபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தம்பி ஓர் ஆணோடு வாழ்கிறான். அவர் பிடோக்கில் வளர்ந்த சீனர். எங்கள் அம்மா வைத்த ரசத்தை என்னைவிட நன்றாக வைப்பார். கல்யாணம் ஆகாதவர்களுக்கு அரசு வீடு கிடைக்கிற வயதான முப்பத்தைந்தை இருவரும் தாண்டியதும் பொங்கோலில் ஒரு பழைய வீட்டைச் சேர்ந்து வாங்கினார்கள். பால் காய்ச்ச நாள் குறித்ததும் தம்பி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"அக்கா, எனக்கு யாரும் கல்யாணம் பண்ணி வைக்கப் போறதில்ல. மாமா சீர் எடுத்துட்டு வர்ற மாதிரி எனக்கு நடக்கப் போற விசேஷம் இது ஒண்ணுதான். எப்படியாவது மாமாவ வரச் சொல்லு."

அம்மா போன பிறகு அந்தப் பக்கத்தில் எங்களுக்கு மிச்சம் இருப்பது மாமா ஒருவர்தான். நான் அழைத்ததற்கு அவர் பதிலைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டார். சாஸ்திர நூலின் ஒரு பக்கத்தைப் படம் பிடித்து, ஆணோடு ஆண் கூடுவது குற்றம் என்ற இடத்தில் சிவப்புக் கோடு போட்டு, கீழே கும்பிடும் கைகள் இரண்டு. அப்பா வழிச் சித்தி உடனே கட்டைவிரலைத் தூக்கினார். தம்பி பார்த்துவிட்டான் என்று நீல டிக் காட்டியது.

மறுநாள் மத்தியானம் கடைக்குப் போய் நின்றேன்.

"அந்தப் புக்கக் குடுங்க மாமா."

"எதுக்கு?"

"நீங்க கோடு போடாததப் படிக்கத்தான்."

பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கோடு போட்ட இடத்துக்கு அடுத்தே, மாட்டு வண்டியிலோ தண்ணீரிலோ பட்டப்பகலிலோ பெண்ணோடு கூடியவனையும் அதே வரிசையில் நிற்க வைத்திருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே பரிகாரம்தான்: கட்டிய துணியோடு குளிக்க வேண்டும்.

"துணியோட ஒரு குளியல்! இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? வருஷக் கடைசி மழையில ஊரே தினம் பரிகாரம் பண்ணுதே மாமா!"

மாமா விடவில்லை. பக்கத்தைப் புரட்டினார். "இங்க பாரு. ஜாதியே போயிரும்னு போட்டிருக்கு."

"அது உங்க தாத்தா கப்பல் ஏறினப்பவே போயிருச்சு. கடல் தாண்டக் கூடாதுங்கறதும் சாஸ்திரந்தான? பூண்டு ஆகாதுங்கறதும் சாஸ்திரந்தான? இப்ப என்ன சாப்பிட்டீங்க?"

பூண்டுக் குழம்பு வாசனை இன்னும் கல்லாவைச் சுற்றி நின்றது. குழாய் வாங்க வந்திருந்தவர் சிரித்துவிட்டார். அதுதான் வினையாகப் போயிற்று. மாமாவின் முகம் சிவந்தது.

"கடைக்கு வந்து எனக்குப் பாடம் நடத்தாத. நான் வரல, போ."

உண்மையைச் சொன்னால் நானும் எனக்குத் தோதான வரியைத்தான் பொறுக்கி உரக்கப் படித்தேன். பெண்களைப் பற்றிய பக்கங்கள் கண்ணில் பட்டிருந்தால் புத்தகத்தையே பெயிண்டில் முக்கியிருப்பேன். ஆனால் வாதத்தில் ஜெயித்து என்ன செய்ய? நுணலும் தன் வாயால் கெடும். என் வாயால் கெட்டது தம்பியின் விசேஷம்.

பால் காய்ச்சும் நாளன்று விடிந்ததிலிருந்தே மழை. பித்தளைப் பானை ஸ்டீம்போட் அடுப்பில் ஏறிவிட்டது. தம்பி மட்டும் அடுப்பைப் பற்றவைக்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். "இன்னும் கொஞ்ச நேரம் அக்கா" என்று சொல்லிச் சொல்லி நல்ல நேரம் முடியப் போனது. என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

வாசல் மணி அடித்தது. திறந்தால் மாமா. தலையிலிருந்து செருப்பு வரைக்கும் தொப்பலாக நனைந்திருந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. நெஞ்சோடு அணைத்திருந்த பிளாஸ்டிக் பையை மட்டும் வாய் இறுக்கிக் கட்டியிருந்தார்.

"குடை எங்க மாமா?" என்றேன். அவர் கடை வாசலிலேயே குடைகள் தொங்கும்.

"எல்ஆர்டி ரயில் ஸ்டேஷன்லேருந்து பக்கந்தான." என் முகத்தைப் பார்க்கவில்லை. "துணியோட குளிச்சாச்சு. யாருக்கெல்லாம் வேணுமோ அத்தன பேருக்கும் சேத்துத்தான், எனக்கும் சேத்து. இனிமே அந்தப் பேச்சு வேணாம்."

என் தம்பிக்கு எதற்குப் பரிகாரம் என்று கேட்க நாக்கு துடித்தது. தம்பியின் முகத்தைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

"அங்கிள், சேஞ்ச் ஃபர்ஸ்ட் லா" என்று துண்டோடு ஓடி வந்தார் தம்பியின் துணைவர். மாமா துண்டை வாங்காமல் பையை அவிழ்த்தார். வெற்றிலை, பாக்கு, பழம். அடியில் பட்டுக்கரை வேட்டி இரண்டு, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல்.

"ஒண்ண நீங்க கட்டிக்குங்க மாமா, நடுங்கறீங்க" என்றேன்.

"அது அவங்களோடது" என்றார்.

கடைசியில் தம்பியின் துணைவர் கொடுத்த கால்பந்து டிரவுசரைப் போட்டுக்கொண்டு, ஈரத் தலையோடு அடுப்பின் முன்னால் வந்து நின்றார். நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தம்பி புது வேட்டியில் நின்று தேம்பிக்கொண்டிருந்தான். பானையில் நுரை கட்ட ஆரம்பித்தது.

"அழாதடா, பானையப் பாரு. பால் பொங்கறத வீட்டுக்காரங்கதான் மொதல்ல பாக்கணும்" என்றார் மாமா. சற்றுத் தள்ளி நின்றவரையும் கையைப் பிடித்துத் தம்பியின் பக்கத்தில் இழுத்து நிறுத்தினார்.

"ரெண்டு பேரும் பாருங்க."