கால் எடுத்தால் அணைந்துவிடும் கார்

அன்சார் முதன்முதலில் பார்த்தபோது கொளஞ்சியப்பனின் ஒரு கால் காருக்கு வெளியே தரையில் ஊன்றியிருந்தது. இன்னொன்று உள்ளே ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டிருந்தது. அரியலூரில் அன்சாரின் வயரிங் பட்டறை வாசலில், இறங்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார் மனுசன்.

“எறங்கி வாங்கண்ணே.”

“காலெடுத்தா ஆஃப் ஆயிடும் பாய். அப்புறம் லேசுல ஸ்டார்ட் ஆவாது.”

பின்சீட்டில் அவர் மனைவி பூங்காவனம் சாய்ந்திருந்தாள். “திருமானூர்லேருந்து இவரு கால்தான் என்னைய இழுத்துக்கிட்டு வருது,” என்றாள்.

அவளுக்குச் சிறுநீரகம் போய்விட்டது. வாரத்தில் இரண்டு நாள் அரியலூர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். திரும்பும்போது பஸ்ஸில் நின்றால் மயங்கிவிடுகிறாள் என்றுதான், கரும்பு போட்டுப் பிழைக்கிற கொளஞ்சியப்பன் இந்தப் பழைய காரை வாங்கினார்.

துபாயில் எத்தனையோ வண்டிகளுக்கு வயரிங் பார்த்தவன் அன்சார். காலெடுத்தாலும் என்ஜின் அணையாமல் ஓடுவதற்குக் காற்று விடுகிற ஐடிலிங் வால்வைக் கழுவினான், புதிதும் மாற்றினான். அப்படியும் என்ஜின் மூச்சிரைத்து ஏறி இறங்கி, அடங்கிப்போனது. வயரைப் பிடித்துக்கொண்டே போய், என்ஜினுக்கு மூளையான கம்ப்யூட்டர் பெட்டியில் வயர்கள் வந்து சேரும் கப்ளரைப் பிடுங்கினான். உள்ளே பின்களெல்லாம் பச்சை பூத்து, மஞ்சளாக என்னவோ அப்பிக் கிடந்தது.

“இதென்னண்ணே?”

“சந்தனம். ஆயுத பூசைக்கு பானெட்டத் தொறந்து, போர் மோட்டாரப் போட்டு உள்ள பூராம் கழுவிட்டு வச்சேன். ஒரு எடம் விடல பாய்.”

“பானெட்டுல ஒரு பொட்டு வச்சா பத்தாதா? மூளைக்குள்ளயா வைப்பாங்க?”

“என் வளகாப்புக்கே இம்புட்டு சந்தனம் பூசல,” என்றாள் பூங்காவனம்.

“அவள ஏத்திக்கிட்டு ஓடற வண்டியாச்சே,” என்றார் கொளஞ்சியப்பன். அன்சாருக்கு வந்த சிரிப்பு பாதியில் நின்றது.

பின்களைச் சுரண்டி, அரித்த வயர்களை வெட்டி, புதிதாகச் சேர்த்தான். என்ஜின் சீராக நின்றது. கொளஞ்சியப்பன் மெல்லக் காலை எடுத்தார். இறங்கினார். காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“நிக்குது பாய்!”

அடுத்த வாரமே வழியில் அணைந்துவிட்டது. பின்னால் சிமெண்ட் லாரிகள் ஹாரன் அடித்துத் தீர்த்தன. கயிறு கட்டித்தான் இழுத்து வந்தார்கள். கழுவிய தண்ணீர் கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளேயே இறங்கி, உள்ளிருந்த சர்க்யூட் போர்டைத் தின்றிருந்தது. அந்தப் பெட்டி இப்போது கம்பெனியிலேயே வருவதில்லை. திருச்சியில் பழைய சாமான் கடைகளில் தேடி ஒன்று வாங்கி மாட்டினான். அதை மாட்டிய பிறகு என்ஜின் உயிரே பிடிக்கவில்லை. துபாய் கூட்டாளிகளுக்கு போன் போட்டும் கேட்டுப் பார்த்தான்.

“இதுக்கு மேல எனக்குத் தெரியலண்ணே.”

“பாத்து ஏதாச்சும் பண்ணுங்க பாய்,” என்றவர், பானெட்டைத் தொட்டுப் பார்த்து, “நீங்க என்ன பண்ணுவீங்க. நாந்தான தண்ணிய ஊத்துனேன்,” என்றார்.

கார் பட்டறை ஓரத்தில் லாரித் தூசி படிந்து நிற்கிறது. கொளஞ்சியப்பனும் பூங்காவனமும் இப்போது பஸ்ஸில்தான் வருகிறார்கள். உட்கார இடம் கிடைக்காத நாளில், அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவர் நின்றபடியே திருமானூர் போகிறார்.