ஞாயிற்றுக்கிழமை பெய்யாத மழை

ஜூன் 5: 24 மி.மீ.
ஜூலை 12: 31 மி.மீ.
ஜூலை 13 முதல் ஆகஸ்ட் 20 வரை: 0.
ஆகஸ்ட் 21: 41 மி.மீ.
அக்டோபர் 6, அறுவடை: எட்டு மூட்டை.
முந்தைய ஆண்டு: இருபத்தாறு மூட்டை.

இது மில்லிமீட்டர் அக்காவின் நோட்டு. ஒரு சொட்டு மழை இல்லாத அந்த ஆகஸ்ட் முதல் இருபது நாளில் விவசாய அலுவலகப் பதிவேடு 58 மி.மீ. காட்டியது. அக்காவின் இரண்டு ஏக்கருக்கும் அலுவலகத்துக்கும் நடுவே ஒன்றரை கிலோமீட்டர். அந்தத் தூரத்தைத் தாண்ட மாட்டேன் என்று மேகம் அடம்பிடித்ததாக அலுவலகம் நம்பியது.

வயலில் கம்பு நட்டு, கண்ணாடி மழைமானி கட்டி, தினமும் காலை ஏழு மணிக்கு அளவு எடுப்பவள் அக்கா. "அண்ணி, டீ எத்தனை மில்லிமீட்டர் ஊத்தட்டும்?" என்று கொழுந்தன் கேட்டதில் வந்த பெயர் அது.

வீட்டில் ஐந்து வாய். மூன்று வேளையும் மக்காச்சோளம்தான். எட்டு மூட்டை மார்ச் வரை ஓடும். பிறகு சாக்கை உதறிப் பார்க்கலாம். நூற்றிருபது நாள் பயிர் பூக்கும்போது மழை காலை வாருகிறது. தொண்ணூறு நாள் விதையென்றால் அதற்குள் மணி பிடித்துவிடும். ஆனால் அந்த விதை மழைக்குறைவுப் பகுதிக்கு மட்டும்தான். பதிவேட்டின்படி அக்கா செழிப்பில் மிதந்துகொண்டிருந்தாள்.

ஒரு நாள் அலுவலக பெஞ்சில் உட்கார்ந்து பதிவேட்டை வரி வரியாக நகலெடுத்தாள். அந்த மழைக்கு நல்ல ஒழுக்கம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பெய்யவில்லை. அரசு விடுமுறையிலும் பெய்யவில்லை. எழுந்து கட்டடத்தின் பின்பக்கம் போனாள். அதிகாரி அறை ஏசியின் குழாய் சொட்டுச் சொட்டாக மழைமானிக்குள் பெய்துகொண்டிருந்தது.

அதிகாரி பொறுமையாக விளக்கினார். "அது முத்திரை வெச்ச மானிம்மா. நகர்த்தணும்னா தலைமை அலுவலக உத்தரவு வேணும்."

"மானி இருக்கட்டும் சார். ஏசியை நிறுத்துங்க."

"இந்த வெயில்லயா?"

மூன்று மனு எழுதினாள். அவளுடைய மானி அங்கீகரிக்கப்பட்டதல்ல என்று ஒரு பதில் வந்தது. காலநிலை மாற்றத்தைச் சமாளிக்கும் பயிற்சிக்கு வரும்படி இன்னொன்று. பயிற்சியில் தொப்பி கொடுத்தார்கள். மூன்றாவதற்குப் பதிலே இல்லை.

மே மாதம் ஏசி பழுதானது. பதிவேட்டில் மழை சட்டென்று நின்றுபோனது. இரண்டு வண்டியில் நிபுணர்கள் வந்து நாற்பது பக்கம் எழுதினார்கள்: இப்பகுதியைக் காலநிலை மாற்றம் மே நான்காம் தேதி தாக்கியிருக்கிறது. உடனே மழைக்குறைவுப் பகுதி என்று அறிவிப்பு வந்தது. தொண்ணூறு நாள் விதை இலவசம், கடிதம் வந்ததும் வாங்கிக்கொள்ளலாம். அதுவரை நிலம் காலியாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அக்காவும் விண்ணப்பித்தாள்.

ஜூன் 9 அன்று 22 மி.மீ. பெய்தது. கடிதம் வரவில்லை. வெளியூரில் இருக்கும் நாத்தனார் தன் வயலில் விளைந்த தொண்ணூறு நாள் விதை பதினாறு கிலோ கொடுத்தனுப்பியிருந்தாள்.

கொழுந்தன் தடுத்தான். "சும்மா வர்றதை ஏன் விடணும்? இப்ப விதைச்சா பேரை அடிச்சிடுவாங்க அண்ணி."

"ஈரம் நாலு நாள்தான் நிக்கும். காத்திருந்துட்டு, மார்ச்சுல அவங்க பதிவேட்டை வேகவெச்சுத் திங்கிறதா?"

மறுநாளே விதைத்தாள். ஜூலைக் கடைசியில் மழை வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டது. பயிர் அதற்குள் பூத்து முடித்திருந்தது. செப்டம்பர் 9 அன்று அறுத்தாள். பதினேழு மூட்டை. இருபத்தாறு இல்லைதான், ஆனால் அடுத்த அறுவடை வரை ஐந்து வாய்க்கும் தாங்கும்.

இரண்டு நாள் கழித்து ஆய்வாளர் வந்தார். வெறும் நிலத்தைப் படம் பிடித்துக்கொண்டு, திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

அப்புறம் கடிதம் வந்தது. விதைக்காமல் நிலத்தைக் காலியாக வைத்திருந்து ஒத்துழைத்ததற்கு நன்றி. ஜூன் மாத விதைப்புக்கான விதையை உடனே பெற்றுக்கொள்ளவும் என்று இருந்தது. வந்து சேர்ந்த தேதி: செப்டம்பர் 24.