நீலத்தில் நின்ற புள்ளி

போன கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து இருபதுக்கு என் மகள் சாலையை விட்டு விலகி நகர ஆரம்பித்தாள். அவளை நான் நேரில் பார்க்கவில்லை. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு, அவள் இருக்கும் இடத்தைக் காட்டும் புள்ளியை என் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் கிருஷ்ணன்கோவிலில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். தினமும் கல்லூரிப் பேருந்தில் போய் வருவாள். அந்தப் புள்ளி ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி வீடு வந்து சேரும் வரை எனக்கு வேறு வேலை ஓடாது. வெள்ளிக்கிழமைகளில் மட்டும், சிறப்பு வகுப்பு இருக்கிறது, போனை அணைத்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தாள். அன்று அணைக்க மறந்துவிட்டாள் போலிருக்கிறது. வகுப்பில் இருக்க வேண்டியவள் மம்சாபுரம் பக்கம் ஒரு சாலையோரத்தில் நின்றாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புள்ளி சாலையிலிருந்து இறங்கியது. கொஞ்சம் நகர்ந்தது, நின்றது, மறுபடி சட்டென்று நகர்ந்தது. பிறகு நின்றே விட்டது. அது நின்ற இடம் வரைபடத்தில் நீல நிறமாக இருந்தது.

நீலம் என்றால் தண்ணீர். அதைப் பார்த்து நான் ஏன் பதறினேன் என்று சொல்ல வேண்டுமானால், புத்தாண்டு ஆராதனையைச் சொல்ல வேண்டும்.

எங்கள் சபையில் வருடப்பிறப்பு ஆராதனை முடிந்ததும் போதகர் ஒரு தட்டில் வாக்குத்தத்த அட்டைகளை வைத்து நீட்டுவார். ஆளுக்கு ஒன்று எடுப்போம். அதில் இருக்கும் வசனம் அந்த ஆண்டு முழுவதும் நமக்கான வார்த்தை என்பது எங்கள் நம்பிக்கை. மகள் எடுத்ததில், அவள் கையிட்டுச் செய்யும் வேலை வாய்க்கும் என்று இருந்தது. நான் எடுத்ததில், தண்ணீர்களைக் கடந்து போகும் நேரத்திலும் கர்த்தர் கூட இருப்பார் என்று இருந்தது. பிறருக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும். எனக்குத் 'தண்ணீர்' என்கிற வார்த்தை மட்டும்தான் கண்ணில் பட்டது. அட்டையை எடுத்தது நான் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. மகளுக்குத் தண்ணீரில் கண்டம் வரப்போகிறது, கர்த்தர் முன்கூட்டியே எச்சரிக்கிறார் என்று முடிவுகட்டிவிட்டேன். ஜாதகம் பார்க்கிறவர்களைக் குறை சொல்கிற நான், வசன அட்டையை ஜாதகமாக ஆக்கி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தேன். தோழிகளோடு குற்றாலம் போகக் கேட்டாள், விடவில்லை. குளியலறையில் கொஞ்சம் தாமதித்தாலும் கதவைத் தட்டுவேன்.

"அவ குடிக்கத் தண்ணியாவது குடுப்பியா, அதுக்கும் தடையா?" என்று என் கணவர் கேட்பார்.

அன்று அவர் நூற்பாலையில் ஷிப்டில் இருந்தார். போனை மில் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள், கூப்பிட வழியில்லை. மகளுடைய எண்ணுக்கு அடித்தேன். மணி முழுதாக அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தேன். அதற்குள் எனக்கே ஒரு அழைப்பு வந்தது, தெரியாத எண். கடன் வேண்டுமா என்று கேட்கிற கூட்டம்தான் அந்த நேரத்தில் கூப்பிடும். துண்டித்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

வழியெல்லாம் தூறல். மேற்கே மலை இருந்த இடத்தில் மலை இல்லை, மேகம் இறங்கி அடிவாரம் வரை மூடியிருந்தது. மம்சாபுரம் சாலைக்குத் திரும்பியபோது ஆறு மணிகூட ஆகவில்லை, ஆனாலும் விளக்குப் போட வேண்டியிருந்தது. அதே தெரியாத எண் மறுபடி மறுபடி வந்தது. ஒவ்வொரு முறையும் வண்டியை ஓரங்கட்டி, மகளோ என்று பார்த்து, இல்லையென்று துண்டித்தேன்.

புள்ளி சாலையை விட்டு இறங்கிய இடத்தில் ஒரு பேருந்து நிறுத்தம், அதை ஒட்டி ஒரு டீக்கடை. கடையில் பல்பு எரிந்தது. பாய்லர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பலகையில் பாதி குடித்த டீ இருந்தது. ஆள் யாரும் இல்லை. குரல் கொடுத்தேன், பதில் வரவில்லை. கடைக்குப் பின்னால் கண்மாய்க் கரை. ஏறிப் பார்த்தேன்.

அந்த வருடம் நல்ல மழை. கண்மாய் நிறைந்து, உள்ளே வளர்ந்திருந்த கருவேல மரங்கள் எல்லாம் இடுப்பளவு தண்ணீரில் நின்றன. காற்றே இல்லை. ஒரு பறவை கிடையாது. இத்தனை மரமும் என்னைப் பார்த்துத் திரும்பி நிற்பதைப் போல இருந்தது. கரைக்குக் கீழே, தண்ணீர் தொடுகிற சேற்றில், என் மகளுடைய செருப்பு கிடந்தது. ஒன்று நிமிர்ந்து, ஒன்று கவிழ்ந்து. வெறுங்கால் தடம் தண்ணீரை நோக்கிப் போயிருந்தது. திரும்பி வந்த தடம் இருந்ததா என்று பார்க்கிற நிதானம் எனக்கு அப்போது இல்லை.

மறுபடி அவள் எண்ணுக்கு அடித்தேன்.

தண்ணீருக்குள்ளிருந்து ஒரு பாட்டு கேட்டது. நான் கூப்பிட்டால் மட்டும் ஒலிக்கும்படி அவள் போனில் வைத்திருக்கிற ஞாயிறு பள்ளிப் பாட்டு. அந்த மரங்களுக்கு நடுவிலிருந்து, மெல்லிசாக. மணி ஓய்ந்தது, பாட்டும் நின்றது. திரும்ப அடித்தேன். இப்போது இன்னும் இடது பக்கமாக, கொஞ்சம் உயரத்திலிருந்து கேட்டது. ஒரு மரத்தின் கிளைகளுக்குள் மஞ்சளாக ஒரு வெளிச்சம் எரிந்து அணைந்தது.

பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே தண்ணீரில் இறங்கினேன்.

எனக்கு நீச்சல் தெரியாது. முழங்கால், தொடை என்று தண்ணீர் ஏறியது. கைப்பையைக் கரையில் போட்டுவிட்டு, போனை மட்டும் உயர்த்திப் பிடித்திருந்தேன். அந்தத் தெரியாத எண் மறுபடி வந்தது, அப்போதும் துண்டித்தேன். ஜெபிக்கப் பார்த்தேன். இத்தனை வருடமும் 'காத்துக்கொள்ளும், காத்துக்கொள்ளும்' என்றுதான் கேட்டிருக்கிறேன். அன்று அந்த வார்த்தை வாயில் வரவில்லை. "கூட வாரும்" என்று மட்டும் சொல்ல முடிந்தது. அதையே சொல்லிக்கொண்டு நடந்தேன்.

அப்போதுதான் கவனித்தேன். நான் ஒரு அடி வைத்தால், ஒரு கணம் கழித்து என் பின்னால் தண்ணீர் அலம்பியது. யாரோ என் நடைக்குத் தக்கபடி நடந்து வருவது போல. திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை, வட்டம் வட்டமாகத் தண்ணீர் அகன்றுகொண்டிருந்தது. நான் எழுப்பிய அலை மரங்களில் மோதித் திரும்புகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. ஆனாலும் பாட்டு கேட்ட மரம் பக்கத்தில் இருந்தது. தண்ணீர் இடுப்பைத் தொட்டது. அடுத்த அடிக்குக் காலைத் தூக்கினேன்.

நான் காலை வைக்கவே இல்லை. பின்னால் மட்டும் ஒரு அடி விழுந்தது. என் தோளுக்கு மிக அருகில்.

தூக்கிய காலைப் பழைய இடத்திலேயே ஊன்றி அப்படியே நின்றுவிட்டேன். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. கரையிலிருந்து ஒரு ஆண் குரல் வந்தது.

"தாயி, அசையாதீங்க. ஒரு அடி முன்ன வைக்காதீங்க. அப்படியே திரும்பி, வந்த வழியிலயே வாங்க."

வயதான ஒருவர், கைலியும் தொப்பியுமாக, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். திரும்பி நடந்தேன். என் அடிச்சத்தம் மட்டும்தான் கேட்டது. கரைக்குப் பக்கத்தில் வந்ததும் அவர் கைத்துண்டை நீட்டிப் பிடிக்கச் சொல்லி இழுத்துவிட்டார்.

"எம்புள்ள உள்ள கெடக்கா" என்றேன்.

"ஒங்க புள்ள எங்க வீட்டுல வறக்காப்பி குடிச்சிட்டு வருது" என்றார் அவர். "கொரங்கு தாயி, கொரங்கு. மலையில மழ விடாமப் பேஞ்சா இங்கன எறங்கிரும். பாப்பா ஒங்களுக்குன்னு பால்கோவா வாங்கிட்டு வந்திருக்கு. போனு நனையுமேன்னு அதயும் அதே மஞ்சக் கவருல போட்டிருக்கு. பஸ்ஸுக்கு நிக்கையில படக்குன்னு புடுங்கிட்டுப் போயிருச்சு. மரத்துக்கு மரம் தாவுது. பாப்பா செருப்பக் கழத்திப் போட்டுட்டு எறங்கப் போச்சு, நாந்தான் சத்தம் போட்டு ஏத்துனேன். கெளையில எட்டி இழுக்கத் தொரட்டிக் கம்பு வேணும்னு, கடைய அப்படியே போட்டுட்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். ஒங்களுக்கு என் போனுல இருந்து எம்புட்டு வாட்டி அடிச்சோம். கட் பண்ணிக்கிட்டே இருந்தா எப்படி?"

அந்தத் தெரியாத எண், என் மகள்.

அவர் தண்ணீரைக் காட்டினார். "போன கோடையில அங்கன ஜேசிபி விட்டு மண்ணு அள்ளுனானுக. நீங்க நின்ன எடத்துக்கு அடுத்தாப்புல ரெண்டாள் ஆழம். நெறஞ்ச பொறவு வெளிய தெரியாது. நீங்க எப்படி அங்கன நின்னீங்கன்னுதான் எனக்கு வெளங்கல."

அவள் இங்கே எதற்கு வந்தாள் என்று கேட்டேன். அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"வெள்ளிக்கெழமைன்னா பாப்பா இங்கனதான எறங்கும். கூடப் படிக்கிற புள்ள காலு ஒடிஞ்சு படுத்துக்கெடக்கு, பாவம், தாய் தகப்பன் கூலி வேலைக்குப் போறவிய. அதுக்குப் பாடஞ்சொல்லிக் குடுத்துட்டுப் போகும். இது இல்லன்னா அந்தப் புள்ள இந்த வருசத்த விட்டிருக்கும். ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. சொல்லியிருந்தால் விட்டிருக்க மாட்டேன். வழியில் கண்மாய் இருக்கிறதே. அவளுக்கு வந்த அட்டை, கையிட்டுச் செய்யும் வேலையைப் பற்றியது. அதை அவள் செய்துகொண்டிருந்தாள். அவளுக்கு எதுவும் நேராமல் காவல் இருப்பது ஒன்றையே நான் வாழ்க்கையாக வைத்திருந்தேன். தண்ணீரின் அட்டை எனக்கு வந்தது. கடைசியில் தண்ணீரில் இறங்கியதும் நான்தான். ஈரச் சேலையோடு அந்தச் சேற்றில் நிற்கும்போதுதான் அது என் பெயருக்கு வந்த வார்த்தை என்று முதன்முறையாக உறைத்தது. பயத்தில் அதன் பாதியைத்தான் படித்திருந்தேன்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் நானும் மம்சாபுரம் போகிறேன். திருமணத்துக்கு முன் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். அந்தப் பிள்ளைக்குக் கணக்குப் பாடத்தை நான் எடுத்துக்கொண்டேன். புள்ளியைப் பார்ப்பதை முழுக்க விட்டுவிட்டேன் என்று சொன்னால் பொய்யாகும், குறைத்திருக்கிறேன். ராத்திரி இன்னும் அந்தத் தண்ணீர் கனவில் வருகிறது.

அந்த மாலையில் கடைசியாக என் மகள் வந்தாள். வெறுங்காலோடு, தொரட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கரை மேல் ஓடி வந்தாள். என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை, அழவும் இல்லை. என் சேலையையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏம்மா, நீச்சல் தெரியாம நீ எதுக்கு உள்ள போன?" என்றாள். பிறகு எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "தூரத்து வளைவுல வரும்போதே பாத்தேன். நீ தண்ணிக்குள்ள நிக்கையில உன் பின்னால ஒருத்தர் நின்னாரே, அவரு எங்க?"

"அது மரம் பாப்பா" என்றார் பெரியவர். இருக்கலாம், அந்த மங்கலில் எதுவும் எதுவாகவும் தெரியும். ஆனால் எனக்குப் பின்னால் விழுந்த அந்த ஓர் அடியைப் பற்றி நான் அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. கூட வாரும் என்று கேட்டவள் நான், வந்தவர் யார் என்று சொல்ல இனி எனக்குத் தனியாக ஒரு அட்டை வேண்டியதில்லை.