தேவசகாயம் வீட்டில் தொங்கிய பூட்டு

பிரசங்கியாரே, நீங்கள் எங்களிடம் பொய் சொன்னீர்கள். கர்த்தர் சொல்லாததைக் கர்த்தர் சொன்னதாகச் சொன்னீர்கள். சாட்சி சொல்ல எழுந்தவள் சண்டைக்கு நிற்கிறாளே என்று சபையார் நினைக்க வேண்டாம். என் சாட்சி இங்கேதான் தொடங்குகிறது.

அது 1979, ஆனி மாதம். ஸ்கைலாப் என்ற அமெரிக்க விண்கலம் தலையில் விழப்போகிறது, எல்லோரும் சாகப்போகிறோம் என்று செந்துறைப் பக்கம் ஊரே கோழியடித்துத் தின்றுகொண்டிருந்தது. நீங்கள் எங்கள் ஜெபக் கொட்டகையில் நின்று, அதுதான் அடையாளம் என்றீர்கள். அது விழுந்தபின் வரும் ஞாயிற்றுக்கிழமை கர்த்தரின் இரகசிய வருகை. பரிசுத்தவான்கள் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ளப்படுவார்கள். மற்றவர்கள் நியாயத்தீர்ப்புக்கு விடப்படுவார்கள். "அறுக்கப் போறதில்ல, அப்புறம் எதுக்கு விதைக்கிறீங்க?" என்று கேட்டீர்கள்.

என் வீட்டுக்காரர் மாசிலாமணி அதை அப்படியே நம்பினார். மழை பெய்து எங்கள் கடலைக் கொல்லையில் மண் பதமாக இருந்தது. பக்கத்துக் கொல்லைக்காரர்கள் ஏர் கட்டினார்கள். இவர் விதைக்கு வைத்திருந்த வேர்க்கடலையைக் கொண்டுவந்து என் முன்னால் கொட்டினார்.

"வறுடி."

"விதைய வறுத்துட்டு என்னத்தங்க விதைக்கிறது?"

"விதைக்கிற வேலையே இல்ல. வறு, சபைக்குக் குடுப்போம்."

வறுத்தேன். நீங்களும்தான் தின்றீர்கள், பிரசங்கியாரே. தோலை ஊதி ஊதித் தின்றீர்கள்.

ஸ்கைலாப் எங்கோ ஆஸ்திரேலியாவில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை வெள்ளை உடுத்தி, உபவாசமிருந்து பாடினோம். பொழுது சாய்ந்தது. யாரும் வரவில்லை. நீங்கள் கடைசி பஸ்ஸில் வேப்பந்தட்டைக்குப் போய்விட்டீர்கள்.

மறுநாள் காலையில் இவர் எங்கள் சபை மூப்பர் தேவசகாயம் வீட்டுக்குப் போனார். வீடு பூட்டிக் கிடந்தது. குடும்பத்தோடு எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. திரும்பி வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

"கர்த்தர் வந்துட்டுப் போயிட்டாரு. தேவசகாயண்ணனக் கூட்டிக்கிட்டாரு. என்னை வுட்டுட்டாரு."

"மேல போறவரு வூட்டப் பூட்டிக்கிட்டா போவாரு?"

சோற்றை வைத்தால், "நரகத்துக்குப் போறவனுக்கு எதுக்குடி இது" என்று தள்ளினார். நாளாக நாளாக எலும்பு தெரிந்தது. கிணற்றங்கரையில் போய் நின்றவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். சபையிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

முழங்கால் போட்டேன். அழகாக ஜெபிக்க எனக்குத் தெரியாது. "ஆண்டவரே, இந்த மனுசன் செத்துப்போயிடுவாரு. மேல போயிட்டதா இவரு நம்புற ஆள இவரு கண்ணுல காட்டும்" என்று கேட்டேன். அதையே திரும்பத் திரும்பக் கேட்டேன்.

கடைசியில் அவரைத் தாங்கிப் பிடித்து அரியலூர் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏற்றினேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கினால், டீக்கடை வாசலில் தேவசகாயம் பஜ்ஜி தின்றுகொண்டு நிற்கிறார். ஊரார் கேலிக்குப் பயந்து மச்சினன் வீட்டுக்கு வந்துவிட்டாராம்.

என் வீட்டுக்காரர் அவர் தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "அண்ணே, நீங்க போகலியா?"

"எங்கடா போறது? வெளியில தல காட்ட முடியாம இங்க வந்து கெடக்கறேன்."

இவர் அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். பிறகு தேவசகாயம் கையிலிருந்த பாதி பஜ்ஜியை வாங்கித் தின்றார். அதுதான் என் ஜெபத்துக்கு வந்த பதில். தேவனுக்கு ஸ்தோத்திரம்.

அந்த வருஷம் எங்கள் கொல்லை தரிசாகக் கிடந்தது. தா.பழூர்ப் பக்கம் நடவுக்குப் போய்க் கஞ்சி குடித்தோம். இவருக்குப் பழைய சிரிப்பு திரும்பவே இல்லை. இன்றும் நான் தண்ணீர் எடுக்கப் போய் வரத் தாமதமானால், தெருவில் நின்று என் பெயரைச் சொல்லிக் கத்துகிறார்.

ஆனாலும் ஒவ்வொரு ஆனியிலும் ஜெபித்துவிட்டு விதைக்கிறோம். கர்த்தர் வருவார், நியாயந்தீர்ப்பார் என்று நம்புகிறேன். பயப்படவும் செய்கிறேன். அவர் வரும்போது என் கையில் விதை இருக்கட்டும். சபையாரே, நாள் குறிப்பதை அவரிடம் விட்டுவிடுங்கள். அழுது கேட்டால் அவர் கேட்பார். நம்புங்கள், நம்பி விதையுங்கள்.

பிரசங்கியாரே, பிறகு ஒருநாள் வந்து, எங்கள் விசுவாசக் குறைவால்தான் வருகை தள்ளிப்போனது என்றீர்கள். இப்போது இந்தப் பந்தலில் மறுபடியும் நாள் குறித்திருக்கிறீர்கள். கடைசி நாளில் ஒவ்வொருவரும் சொன்ன வார்த்தைக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்று பிரசங்கித்தவர் நீங்கள்தானே? அதுவரை நான் காத்திருக்க மாட்டேன். என் வீட்டுக்காரர் இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். மைக்கைப் பிடியுங்கள். அந்த நாளை உங்களுக்குச் சொன்னது யார்? இவர் முகத்தைப் பார்த்து, எல்லோரும் கேட்கச் சொல்லுங்கள்.