ஸ்பீக்கர் வீட்டுக் காவல்

குழாய்க் கடைக்காரருக்குத் தெருவில் 'ஸ்பீக்கர்' என்று பெயர். குடிக்கத் தண்ணீர் கேட்பதைக்கூட ஊர்வலத்தில் கோஷம் போடுவதுபோலத்தான் கேட்பார். இவ்வளவு கத்தியும் யாரும் தனக்குப் பயப்படவில்லை என்பது அவருடைய தீராத மனக்குறை. முக்கியமாக, கூப்பிடாமலே வந்து சோபாவில் சாய்ந்துகொள்ளும் மைத்துனர். அவரை விரட்டத்தான் ஒரு மாஸ்டிஃப் நாயைத் தேடிப் போனார்.

பார்த்ததும் இரண்டடி பின்வாங்க வைக்கும் உருவம். மணல் நிற உடம்பு, கரி பூசிய முகம், பெரிய வழக்கை விசாரிப்பதுபோல் நெற்றி நிறையச் சுருக்கம். தொங்கும் கன்னங்களிலிருந்து எச்சில் நூலாக இறங்கியது.

"கடிக்குமா?" என்று ஆசையாகக் கேட்டார்.

"இந்த ஜாதி சும்மா கடிக்காது சார், குரைக்கிறதும் அபூர்வம். வீட்டுல யாருக்காவது ஆபத்துன்னு தோணினா குறுக்க வந்து நிக்கும்," என்றார் நாய் வளர்ப்பவர்.

ஸ்பீக்கரின் காதில் 'ஆபத்து' மட்டும்தான் விழுந்தது.

நாய் வீட்டோடு பழகிய பிறகு ஒருநாள் மைத்துனர் வந்தார். "புடி!" என்று முழங்கினார் ஸ்பீக்கர். நாய் மெல்ல எழுந்து போய், மைத்துனரின் மடியில் தலையை வைத்து, கால்சட்டையை நனைத்துவிட்டுக் குறட்டை விட்டது.

"தங்கமான குணம் மாமா. இந்த வீட்டுக்கு இப்படி ஒண்ணு தேவைதான்," என்றார் மைத்துனர்.

மனைவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஸ்பீக்கருக்குக் கோபம் தலைக்கேறியது. "எல்லாம் நீ குடுக்கிற இடம்!" என்று செய்தித்தாளைச் சுருட்டி ஓங்கிக்கொண்டு அவளை நோக்கிப் பாய்ந்தார்.

குறட்டை நின்றது. நாய் எழுந்து இருவருக்கும் நடுவே வந்தது. உறுமவில்லை, பல்லைக் காட்டவில்லை. தோளை அவர் தொடையில் கொடுத்துத் தள்ளிக்கொண்டே போய், பீரோவுக்கும் சுவருக்கும் இடையே நிறுத்திவிட்டது.

"ஏய், உனக்குச் சோறு போடறது நான்!"

நாய் இன்னும் கொஞ்சம் சாய்ந்தது.

"கத்தாதீங்க. கத்தக் கத்தத்தான் அழுத்துது," என்றாள் மனைவி.

"இத நகரச் சொல்லு," என்று வாழ்நாளில் முதல்முறையாக முணுமுணுத்தார்.

"என்ன சொன்னீங்க? காதுல விழலையே."

"கொஞ்சம்... சொல்லும்மா."

நாய் விலகிப் படுத்துக்கொண்டது.

மறுநாள் வளர்ப்பவரிடமே அதைத் திருப்பிக் கொடுக்கப் போனார். "கோளாறு புடிச்ச நாய். வீட்டு ஆளையே மறிக்குது," என்றார்.

"அது சும்மா மறிக்காது. நீங்க என்ன சார் பண்ணிட்டிருந்தீங்க?"

ஸ்பீக்கர் சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டார். நாயோடு வீடு திரும்பினார்.

இப்போது கத்தல் எல்லாம் கடையோடு சரி. நாய் எப்படி என்று யாராவது விசாரித்தால், "பயங்கரம்" என்பார். அந்த வீட்டில் அதை நம்புகிறவர் அவர் ஒருவர்தான்.