இன்ஜினுக்கும் வேளைக்கு மருந்து

"வலிக்காது, கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று கார் பானெட்டுக்குள் தலையை விட்டுப் பேசிக்கொண்டே சிரிஞ்சை அழுத்துவார் பக்கத்து வீட்டுக்காரர். அவருக்கு மருந்துக்கடை. இன்ஜினுக்கும் வேளை தவறாமல் மருந்துதான். பிளக்குகளைக் கழற்றிய ஓட்டைகளில் காலையும் மாலையும் எண்ணெய், அதுவும் அளவு பார்த்து. பிறகு நீளமான ஸ்பானரைப் போட்டு இன்ஜினை முன்னும் பின்னும் மெல்லத் தள்ளுவார். அசையாது. "பரவால்ல, நாளைக்குப் பாப்போம்" என்று பானெட்டை மூடி, அதற்கு ஒரு தட்டும் தட்டிக்கொடுப்பார்.

வண்டி அவர் மனைவியுடையது. இவருக்கு ஓட்டத் தெரியாது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து "பிரேக், பிரேக்" என்று உயிரை வாங்குவதுதான் இவர் பங்கு. அந்த அம்மாள் குளியலறையில் வழுக்கி விழுந்து காலுக்குக் கம்பி வைத்ததோடு வண்டியும் படுத்துவிட்டது. நின்ற இடத்தில் துருவேறி இன்ஜின் இறுகிப்போனது. கால் எப்போதோ தேறிவிட்டது. ஓட்டலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். மனசுதான் தேறவில்லை, பயத்தில் வாசலைத் தாண்டுவதில்லை. "பழைய இரும்புக்குப் போட்டுத் தொலைங்க" என்று ஜன்னலிலிருந்தே குரல் வரும்.

ஒருநாள் மைத்துனர் கயிற்றோடு வந்தார். "கட்டி இழுத்தா தன்னால சுத்தும் மாமா."

"உங்கக்காவையும் அப்படித்தான் இழுத்துட்டுப் போவியா? உள்ள ஒடஞ்சா யாரு பதில் சொல்றது?"

கயிறு திரும்பிப் போயிற்று. மறுநாள் மைத்துனர் புது பேட்டரியோடு வந்து மாட்டிவிட்டுப் போனார். எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர்மேல் தனிப் பிரியம் வந்தது அப்போதுதான்.

போன வாரம் ஸ்பானர் அசைந்தது. ஊரைக் கூட்டுவார் என்று பார்த்தால், கையைத் துடைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்து, "இந்தச் சாவியக் கொஞ்சம் திருப்பிக் குடேன், எனக்கு இதெல்லாம் தெரியாது" என்றார். பச்சைப் பொய். தினமும் கடை ஷட்டரில் மூன்று பூட்டு திறக்கிற ஆள்!

அம்மாள் படியிறங்கி வந்தார். கார்க் கதவைப் பிடித்தபடி கொஞ்சநேரம் நின்றார். பிறகு உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். என்ன ஆகிறது என்று பானெட்டுக்குள் குனிந்து பார்த்த கணவர் முகத்தில், பிளக் மாட்டாத ஓட்டைகளிலிருந்து, இத்தனை நாள் ஊட்டிய மருந்தெல்லாம் பீய்ச்சி அடித்தது.

"அளவா குடுக்கணும்னு கடையில எல்லாருக்கும் சொல்லத் தெரியுதுல்ல!" என்று அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் எனக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது.

சிரித்தவர் இறங்கவில்லை. சீட்டை முன்னுக்கு இழுத்துக் கண்ணாடியைச் சரிசெய்தார். இவர் அவசரமாகப் பிளக்குகளை மாட்டி, பானெட்டை மூடித் தட்டிக்கொடுத்தார். வண்டி இன்னும் ஸ்டார்ட்கூட ஆகவில்லை. எண்ணெய் வழிகிற முகத்தோடு மறுபக்கம் போய் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார்.