தேள் பார்க்கப் போனவள்

கல்லூரியில் விலங்கியல் படித்தபோது தேள்மேல் பைத்தியமாக இருந்தவள் நான்தான். என் சிநேகிதிக்குப் பட்டாம்பூச்சிதான் பிடிக்கும். கடைசியில் ராஜஸ்தான் பாலைவனத்துக்குத் தேள் ஆராய்ச்சிக்குப் போனது அவள். நான் கல்யாணமாகிப் பெருங்களத்தூர் அபார்ட்மெண்டுக்கு வந்தேன், சிறுசேரியில் வேலை.

இந்தப் பொங்கல் லீவில் அவள் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். வெயிலில் மெலிந்து, முன்பைவிட அழகாக இருந்தாள். அதுவே எனக்குப் பொறுக்கவில்லை.

"அவ்ளோ சூட்டுல தேள் எப்படிங்க உயிரோட இருக்கு?" என்று என் கணவர் அவளைக் கேட்டார்.

"பகல்ல வெளியவே வராதுண்ணா. மணல்ல ஆழமா வளை தோண்டிக்கும், அங்க சூடு கம்மி. ராத்திரிதான் வேட்டை. புடிக்கிற பூச்சியில இருக்கிற ஈரமே அதுக்குப் போதும்."

"பூச்சி கிடைக்கலன்னா?"

"மாசக்கணக்கா சும்மா கிடக்கும்."

உடம்பின் ஈரம் வெளியேறாமல் தோல்மேல் மெழுகுப் பூச்சு இருப்பதையும் சொன்னாள். "அடேங்கப்பா" என்றார். கல்யாணமான புதிதில் இதையே நான் சொன்னபோது, "சாப்பிடறப்ப ஏன் இதெல்லாம்" என்று டிவி சத்தத்தைக் கூட்டியவர். ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டேன். யாருக்கும் காதில் விழவில்லை.

அப்போது கீழே செக்யூரிட்டி அண்ணன் கத்தினார். "படிக்கட்டாண்ட தேள் கீது, யாரும் வராதீங்க."

அவள் எழுவதற்குள் காலி ஐஸ்கிரீம் டப்பாவோடு நான் இறங்கிவிட்டேன். அவளுக்கு முன்னால் போக வேண்டும், அவ்வளவுதான். கட்டடத்துக்கு வாங்கி மீந்த செங்கற்களுக்குப் பக்கத்தில் தேள் அசையாமல் இருந்தது. டப்பாவைக் கவிழ்த்து, அடியில் அட்டையை நுழைத்தேன்.

பின்னால் வந்தவள் குனிந்தாள். "முதுகைப் பாருடி."

முதுகு முழுக்க வெள்ளை வெள்ளையாகக் குட்டிகள்.

"பாலைவனத்துல குட்டியோட இருக்கிறது வளையை விட்டே வராது. நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்ல" என்றாள். பிறகு, "டப்பாவை எங்கிட்ட குடேன்" என்றாள். அந்தக் குரலில் இருந்தது எனக்கு நன்றாகப் பழக்கமானது.

"இப்படியே பாரு" என்றேன். கொடுக்கவில்லை.

அவள் கிளம்பிய பிறகு, தேளை ஊருக்கு வெளியே பாறைப் பக்கம் விட நானும் கணவரும் ஸ்கூட்டரில் போனோம். பின்னால் டப்பாவைப் பிடித்திருந்தவர் கேட்டார்: "குட்டிங்க எவ்ளோ நாள் முதுகுல இருக்கும்?"

"அவளையே கேளுங்க."

"நீதானே புடிச்ச. சொல்லு."

ஸ்கூட்டரின் வேகத்தைக் குறைத்தேன். "முதல் தடவை தோல் உரிக்கிற வரைக்கும்" என்றேன்.